எலிக்கு வராத எலிக்காய்ச்சல்

பெரியகல்லாற்றுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவியைத் தாண்டினால் படுவான்கரை வயல்கள். மாரி வெள்ளாமைக்கு வரம்பு கட்டச் சேற்றில் இறங்குபவரின் காலில் ஒரு கீறல் இருந்தால் போதும். எலியின் சிறுநீரோடு நீரில் கலந்த லெப்டோஸ்பைரா என்ற திருகு வடிவப் பற்றீரியா உடலுக்குள் போய்விடும். 2008-இல் இலங்கையில் 7,000-க்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டது. அதே கிருமியைச் சிறுநீரகத்தில் சுமக்கும் எலியோ சுகமாக ஓடித்திரிகிறது.

இது எப்படி? விடையின் ஒரு பகுதி ஆய்வுகூடச் சுண்டெலியிடம் கிடைத்தது.

சில பற்றீரியாக்களின் வெளிச்சுவரிலுள்ள கொழுப்பு நஞ்சை ஊசியில் ஏற்றினால் மற்றச் சுண்டெலிகள் செத்துவிடும். சி3எச்-ஹெஜே என்ற வகை மட்டும் அசையவில்லை. இதை 1960-களிலேயே கண்டார்கள். பலசாலி என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம் சல்மொனெல்லா கிருமி போனாலே அது இறந்துவிடும். எதிரி வந்த செய்தியே அதன் உடலுக்குத் தெரிவதில்லை.

காரணத்தை 1998-இல் டலஸ் நகரில் புரூஸ் பொய்ட்லரின் குழு கண்டுபிடித்தது. ரீ.எல்.ஆர்-4 என்ற நிர்ப்பீடனப் புரதத்தில் 712-ஆவது அமினோ அமிலம் புரோலின். இந்த வகையில் அந்த இடத்தில் ஹிஸ்டிடின். பரம்பரையலகில் ஒரே ஓர் எழுத்து விகாரம்! 2011-இல் பொய்ட்லருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்தப் புரதத்தின் வெளிப்பாகம் லாடம்போல வளைந்தது. கிருமியின் கொழுப்பை உணர்வது அதுதான். உட்பாகம் கலத்துக்குள் செய்தி சொல்கிறது. விகாரம் இருப்பது உட்பாகத்தில். புரதமே உருக்குலைந்திருக்கும் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆனால் இதன் உடன்பிறப்பான ரீ.எல்.ஆர்-2-இல் அதே மாற்றத்தைச் செய்து, 2000-இல் பளிங்காக்கிப் பார்த்தபோது, மடிப்பு அப்படியே இருந்தது. மேற்பரப்பில் ஒரு சிறு வளையத்தின் நுனி மட்டுமே வேறு. அடுத்த புரதம் வந்து பற்றும் இடம் அது. பிடி கிடைக்காததால் செய்தி அங்கேயே நின்றுவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு இதைவிட வியப்பானது வேறில்லை.

சாதாரணச் சுண்டெலியின் ரீ.எல்.ஆர்-4, லெப்டோஸ்பைராவின் கொழுப்பை அடையாளம் காண்கிறது. விகாரமுள்ள சி3எச்-ஹெஜே குஞ்சுகளோ அந்தக் கிருமியால் இறக்கின்றன. மனிதரின் ரீ.எல்.ஆர்-4 பழுதில்லாதது; ஆனாலும் அதன் வடிவத்துக்கு இந்தக் கொழுப்புப் பிடிபடுவதில்லை.

ஆகவே வயலுக்கு இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் டொக்சிசைக்கிளின் மாத்திரை பற்றிக் கேளுங்கள். காய்ச்சல் கண்டால், சேற்றில் நின்றதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.