வெயில் முற்றத்திற்கு ஆவாரை

கோடை விடுமுறையில் உதகை சென்று திரும்பும் குடும்பத்தினர் சிலர், அங்குச் சரிவுகளில் பொன்னாகப் பூத்து நிற்கும் புதர்ச்செடியைக் கண்டு மயங்கி, அதன் விதைகளைக் கைக்குட்டையில் முடிந்து வருவதுண்டு. ‘ஸ்காட்ச் புரூம்’ என்பது அதன் பெயர். ஐரோப்பியர் அதன் கிளைகளைக் கட்டித் துடைப்பமாக்கியதால் அப்பெயர் வந்தது. அரபுப் பாலையில் வெண்பூப் பூக்கும் ‘ரதம்’ என்னும் செடியும் அதற்கு உறவே. ஸ்பானியர் அவ்வரபுச் சொல்லையே ‘ரெட்டாமா’ என வழங்குகின்றனர்.

அகரத்து முற்றத்தில் அதை நட எண்ணும் சகோதரிகளே, வேண்டாம்! குளிர் விரும்பும் அச்செடி நம் சமவெளி வெயிலில் செழிக்காது. செழிக்கும் இடத்திலோ அது பெருந்தொல்லை. காய்ந்த நெற்றுகள் வெயிலில் வெடித்து விதைகளைத் தெறிக்கவிடும். அவ்விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆங்கிலேயர் அழகுக்காகக் கொணர்ந்த அச்செடி, நீலகிரியின் இயற்கைப் புல்வெளிகளை ஆக்கிரமித்துவிட்டது.

மஞ்சள் பூதான் வேண்டுமெனில் அதே பயறுக் குடும்பத்தைச் சேர்ந்த ஆவாரை இருக்கிறதே! கடினத் தோலுடைய அதன் விதைகளைக் கொதித்து இறக்கிய நீரில் இரவு முழுதும் ஊறவிட்டு, ஐப்பசி மழைக்கு முன் விதையுங்கள். செம்மண்ணும் நாள் முழுதும் வெயிலும் போதும்; நீர் மட்டும் தேங்கக்கூடாது. பூத்து ஓய்ந்ததும் கிளைகளைக் கழித்துவிட்டால் மீண்டும் அடர்ந்து தழைக்கும். பூவைக் கொதிக்கவைத்துச் சர்க்கரை நோய்க்கு அருந்துவோர், மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

இச்செடிக்கும் திண்டுக்கல்லுக்கும் பழைய தொடர்பு ஒன்றுண்டு. நம்மவர் பலர் ஈடுபட்டிருந்த தோல் பதனிடும் தொழிலுக்கு ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையே உயிர்நாடி. அதில் ஏறத்தாழ 18 சதவீதம் துவர்ப்பொருள் உண்டு. பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. அதற்காகக் கொடைக்கானல் மலையிலும் வாட்டில் மரங்கள் நடப்பட்டன. அவையும் பரவிப் பழனி மலைப் புல்வெளிகளின் பெரும்பகுதியை விழுங்கின. அடுத்து குரோம் உப்பு வந்தது. அதனுடன், தோலைக் கெடாமல் காக்கத் தூவும் உப்பும் கழிவுநீரில் கலந்து, திண்டுக்கல்லைச் சுற்றிய சிற்றூர்களின் கிணறுகள் உவர்ந்தன. குடிநீருக்காகக் குடத்துடன் அலைந்த வேதனை அவ்வூர்ப் பெண்களுக்கே தெரியும்.

ஆவாரை விதைக்குக் கடை தேட வேண்டியதில்லை. காய்கள் பழுப்பேறியதும் சாலையோரத்துச் செடியிலிருந்து ஒரு கைப்பிடி பறித்துக்கொண்டால் போதும்.