நகம் அளவு அட்டை! பணத்துக்கும் அதுவே காவல்!

செல்போனில் இருந்து சிம் கார்டை எடுத்து விட்டால் என்ன ஆகும்?

படம் எடுக்கலாம். பாட்டு கேட்கலாம். மணி பார்க்கலாம். ஆனால், உங்கள் எண்ணுக்கு ஒருவரும் பேச முடியாது!

அந்தச் சின்ன அட்டைக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

முதல் அட்டை

முதல் சிம் கார்டு 1991-ம் ஆண்டு ஜெர்மனியில் தயார் ஆனது. பின்லாந்து நாட்டு டெலிபோன் கம்பெனி ஒன்று 300 அட்டைகளை வாங்கியது. அப்போது அது ஏ.டி.எம். கார்டு அளவு இருந்தது.

இப்போது புழங்கும் சிறிய அட்டையின் நீளம் 12.3 மில்லி மீட்டர். அகலம் 8.8 மில்லி மீட்டர். விரல் நகம் அளவுதான்!

ரகசிய எண்

அட்டைக்குள் ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் ஓர் அடையாள எண்ணும், ஒரு ரகசிய எண்ணும் உண்டு. அந்த ரகசிய எண் கம்பெனியிடமும் இருக்கிறது.

செல்போனை "ஆன்" செய்ததும், கம்பெனி ஒரு கணக்குக் கொடுக்கிறது. ரகசிய எண்ணை வைத்து அட்டை விடை சொல்கிறது. கம்பெனியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் இணைப்பு கிடைக்கும். இல்லாவிட்டால் கிடைக்காது!

ரகசிய எண் மட்டும் அட்டையை விட்டு வெளியே வருவதே இல்லை.

புது அட்டை, பழைய எண்

அட்டை தொலைந்தால், கம்பெனியில் அடையாளச் சான்று காட்டி வேறு அட்டை வாங்கலாம். எண் பழைய எண்தான். புது அட்டை வேலை செய்யத் தொடங்கியதும், பழைய அட்டை செத்து விடும்.

இந்த வசதியை மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். போலிச் சான்று காட்டி, பிறருடைய எண்ணுக்குப் புது அட்டை வாங்கி விடுகிறார்கள். பிறகு, பாங்கி அனுப்பும் ஓ.டி.பி. அவர்கள் கைக்குப் போகும். பாடுபட்டுச் சேர்த்த பணமும் போய்விடும்!

என்ன செய்ய வேண்டும்?

திடீர் என்று "சிக்னல்" நின்று, நெடுநேரம் வரவில்லையா? பக்கத்து வீட்டில் அதே கம்பெனி இணைப்பு வேலை செய்கிறதா? அப்படியானால் சும்மா இருக்காதீர்கள். வேறு போனில் இருந்து கம்பெனிக்கும் பாங்கிக்கும் சொல்லுங்கள். பணம் போயிருந்தால், உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

செல்போன் திருட்டுப் போனாலும் இதுதான் வழி. முதலில் சிம் கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். போன் போனால் வேறு வாங்கலாம். பணம் போனால்?