படையல் இலையில் வீட்டுப் பக்குவம்

தீபாவளிக்கு முந்திய நாள் மாலை நேரம். சிங்கப்பூரில் தமிழர் வாழும் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் கூடத்தைத் துடைத்துக் கோலமிட்டுத் தலைவாழை இலை விரிக்கிறார்கள். மறைந்த பெரியோரின் படங்களுக்கு மாலை சூட்டி, குத்துவிளக்கேற்றி, அவர்கள் வாழ்ந்த காலத்தில் விரும்பி உண்ட பண்டங்களை அந்த இலையில் படைக்கிறார்கள். தாத்தாவுக்கு அதிரசம், பாட்டிக்கு உளுந்து வடை, பெரியப்பாவுக்குச் சூடான காப்பி என்று ஒவ்வொருவரின் விருப்பமும் நினைவில் வைத்து நிறைவேற்றப்படுகிறது. தூபதீபம் காட்டிய பின்னரே வீட்டார் ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர்.

அந்த அதிரசம் வீட்டிலேயே சுட்டதா, கடையில் வாங்கியதா? முன்பு எழாத இக்கேள்வி இன்று பல குடும்பங்களில் எழுகின்றது. கடைப் பலகாரத்தைப் படைப்பதில் குற்றமொன்றும் இல்லை; பக்தியே முதன்மையானது. ஆயினும், பாட்டியின் கைப்பக்குவத்தை அறிந்தவர் அவ்வீட்டில் ஒருவரேனும் இல்லாமற் போய்விட்டால், அந்த இழப்பை எந்தக் கடையாலும் ஈடு செய்ய இயலாது. திருநாள் நெருங்கும் இவ்வேளையில் நம் இல்லச் சமையலைப் பற்றிச் சற்றுச் சிந்திப்பது பொருத்தமாகும்.

தேக்காவில் தொடங்கும் திருநாள்

சிங்கைத் தமிழர் சமையலுக்குத் தாய்வீடு தேக்கா சந்தை எனலாம். எருமைப் பட்டி என்று பொருள்படும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்ப் பெயரும் இவ்வட்டாரத்துக்கு உண்டு. இங்கே 1915ஆம் ஆண்டில் எழுந்த பழைய சந்தை, 1982ஆம் ஆண்டில் சாலைக்கு எதிர்ப்புறமுள்ள இன்றைய கட்டடத்துக்கு இடம் மாறியது. புதிய கட்டடத்துக்கு ‘ஜூஜியாவ்’ என்று பெயரிடப்பட்டிருந்தபோதிலும், மக்கள் நாவில் தேக்கா என்ற பெயரே நிலைத்து நின்றது. இறுதியில் 2000ஆம் ஆண்டில் அப்பெயரே அதிகாரபூர்வமாகவும் சூட்டப்பட்டது.

புரட்டாசி மாதம் முழுவதும் புலால் நீக்கி, சனிக்கிழமைதோறும் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்துக்குச் செல்லும் குடும்பங்கள் ஏராளம். அதனையொட்டி நவராத்திரி வந்துவிட்டால் நாளுக்கொரு சுண்டல். ஐப்பசியில் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும். இவ்வாறு கோயில் நாட்காட்டியே வீட்டுச் சமையலறையின் நாட்காட்டியாகவும் விளங்கி வருகின்றது. ஆலயத்தில் தரிசனம் முடித்துக்கொண்டு, வாழை இலையும் தேங்காயும் கறிவேப்பிலையும் மளிகைச் சாமான்களும் வாங்கி வீடு திரும்புவது தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். சிராங்கூன் சாலையில் வணிகம் புரிந்து புகழ்பெற்ற வள்ளல் பி. கோவிந்தசாமிப் பிள்ளையின் பெயரைப் பெருமாள் ஆலயத்துத் திருமண மண்டபம் தாங்கி நிற்பது, அங்குள்ள கடைவீதிக்கும் கோயிலுக்கும் உள்ள உறவுக்கு ஒரு சான்றாகும்.

அம்மி போனது, பக்குவம் போகவில்லை

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பின்னர், கம்பத்து வீடுகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வாழ்ந்த மக்கள் படிப்படியாக அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் இடமின்றி விடைபெற்றன. பின்னர் அரிசியும் உளுந்தும் அரைக்க மின் அரைவை இயந்திரம் வந்தது. மிளகாயையும் மல்லியையும் கழுவி, வீட்டு வாசலிலுள்ள நடைபாதையில் பாய் விரித்துக் காயவைத்து, லிட்டில் இந்தியாவிலுள்ள மாவு மில்லுக்கு எடுத்துச் சென்று அரைத்து வந்த காலத்தை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். தும்மலும் கண்ணெரிச்சலும் அண்டை வீட்டாருக்கும் சேர்த்தே கிடைத்தன!

கருவிகள் மாறியபோதிலும் பக்குவம் மாறவில்லை. ஏனெனில் பக்குவம் என்பது கருவியில் இல்லை. செய்பவரின் கண்ணிலும் மூக்கிலும் விரலிலும் இருக்கின்றது. இதற்கு நம் சமய மரபிலேயே ஒரு காரணம் உண்டு. இறைவனுக்கும் முன்னோருக்கும் படைப்பதற்கு முன் எதையும் சுவைத்துப் பார்ப்பதில்லை என்பது நெறி. ஆகவே உப்பு சரியா, இனிப்பு போதுமா என்பதை நாவின் துணையின்றியே அறிந்தாக வேண்டும். அந்த ஆற்றல் பல ஆண்டுகள் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும்.

அதிரசத்தையே எடுத்துக்கொள்வோம். பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றிலும் போய்விடுமுன் மாவாக்க வேண்டும். வெல்லப் பாகைச் சிறிது தண்ணீரில் விட்டால் அது கரையாமல், விரலால் உருட்ட வரவேண்டும். பாகு முதிர்ந்துவிட்டால் அதிரசம் கல்லாகிவிடும். இளகியிருந்தால் எண்ணெயில் பிரிந்து போய்விடும். மாவை ஓரிரு நாள் மூடி வைத்திருந்து சுடுவது நலம். சுட்டெடுத்ததும் இரு கரண்டிகளுக்கு இடையே வைத்து அழுத்தி எண்ணெயை வடிக்க வேண்டும்.

முறுக்குக்கு அரிசி மாவு நான்கு பங்கும் வறுத்தரைத்த உளுத்தம் மாவு ஒரு பங்கும் பொதுவான அளவாகும். வெண்ணெய் குறைந்தால் கடினமாகும். மிகுந்தால் எண்ணெயில் உதிர்ந்துவிடும். எண்ணெயில் எழும் நுரை அடங்குவதே வெந்ததற்கு அடையாளம். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் முறுக்கு விரைவில் நமுத்துப் போகும். எனவே நன்றாக ஆறிய பின்னர் காற்றுப் புகாத டப்பாவில் இட்டு வைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்த்துவிடும்.

ஓவனில் வேகும் தீபாவளி

சிங்கப்பூர்த் தீபாவளித் தட்டில் எண்ணெய்ப் பலகாரங்களோடு கேக்கும் பிஸ்கட்டும் அன்னாசிப் பழ டார்ட்டும் இடம்பெறுவது இவ்வூருக்கே உரிய சிறப்பு. பல இனத்தார் அண்டை அயலாராக வாழ்ந்ததால் விளைந்த பயன் இது. யுரேசியர் இல்லங்களில் புகழ்பெற்ற ‘சூஜி கேக்’ நாம் நன்கறிந்த ரவையால் செய்யப்படுவதே. ரவையை வெண்ணெயில் சில மணி நேரம் ஊறவிட்ட பின்னரே முட்டையும் பாதாம் பருப்பும் சேர்ப்பர். ஊறாத ரவை பல்லில் நறநறக்கும். தேங்காய்ப் பாலில் மாவு கரைத்துச் செய்யும் நம் அச்சு முறுக்கு, மலாய்க்காரர் இல்லங்களில் ‘குவே ரோஸ்’ என்றும், கேரளத்தில் ‘அச்சப்பம்’ என்றும் வழங்குகின்றது. அச்சை எண்ணெயில் நன்றாகச் சூடாக்கி, அதன் மேல்விளிம்பு மூழ்காதவாறு மாவில் தோய்க்க வேண்டும் என்பதே மூன்று வீடுகளுக்கும் பொதுவான இரகசியம்.

சமையலுக்குப் புதியவர்கள் நெய் பிஸ்கட்டிலிருந்து தொடங்கலாம். மைதா மாவு 250 கிராம், பொடித்த சர்க்கரை 125 கிராம், நெய் 150 கிராம், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை மென்மையாகப் பிசைந்து, சிறு உருண்டைகளாக்கி, 160 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம் வரை வேகவிட வேண்டும். ஓவனிலிருந்து எடுக்கும்போது மென்மையாகத்தான் இருக்கும், ஆறியபின் இறுகும். வேகவில்லையென்று எண்ணி மீண்டும் உள்ளே வைத்துக் கருகவிடுவது புதியவர்கள் பலரும் செய்யும் பிழை. குழந்தைகளும் உருட்டித் தரலாம் என்பதால், இப்பண்டம் குடும்பம் முழுவதையும் மேசையைச் சுற்றி அமர்த்திவிடும்.

முட்டை உண்ணாதவர்களும் விரத காலத்தில் விலக்குபவர்களும் கேக்கைத் துறக்க வேண்டியதில்லை. தயிரும் சமையல் சோடாவும் சேரும்போது எழும் வாயு மாவை உப்பவைக்கும். ஆயினும், கலந்தவுடன் ஓவனில் வைத்துவிட வேண்டும். தாமதித்தால் வாயு வெளியேறிவிடும்.

தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை

பலகாரத் தட்டு அண்டை வீட்டுக்குச் சென்றால் அது வெறுமையாகத் திரும்பி வருவதில்லை. சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழமும், நோன்புப் பெருநாளுக்குக் குவேயும் அதே தட்டில் வந்து சேரும். மலாய் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும்போது ஹலால் முறைக்கு ஒவ்வாத எதுவும் கலவாமல் பார்த்துக்கொள்வதும், சைவர்களுக்குக் கொடுக்கும்போது முட்டை சேர்த்தவற்றைத் தனியே பிரித்து வைப்பதும் விருந்தோம்பலின் ஒரு கூறாகும். விருந்தோம்பலுக்கென்றே தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் வழிவந்தோருக்கு இதனை எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ!

வீட்டுச் சமையலில் மற்றொரு நன்மையும் உண்டு. 2016ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நீரிழிவு நோய்க்கு எதிராகப் போர் தொடுப்பதாக அறிவித்தது. இந்நோய் இந்தியர்களிடையே அதிகம் காணப்படுவது யாவரும் அறிந்ததே. வீட்டில் செய்யும் இனிப்பில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு நெய் என்பது செய்பவர் கையில் இருக்கின்றது. உருண்டையைச் சிறிதாகப் பிடித்தால், தாத்தாவும் ஒன்றை மனநிறைவோடு உண்ணலாம்.

ஒரு வேளை உணவேனும்

சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இது நம் அனைவருக்கும் பெருமையே. பணி முடிந்து களைத்து வருவோருக்கு உணவங்காடி நிலையங்கள் பேருதவி புரிகின்றன என்பதிலும் ஐயமில்லை. ஆனால் வீட்டுச் சமையலைக் காக்க எந்தப் பட்டியலும் இல்லை. அதனை வீட்டாரே காத்தாக வேண்டும்.

குடும்பத்தோடு அமர்ந்து உண்பதற்கென்றே ஒரு நாளைக் குறிக்க வேண்டிய நிலை இந்நகரில் ஏற்பட்டது. ‘சென்டர் ஃபார் ஃபாதரிங்’ என்னும் அமைப்பு 2003ஆம் ஆண்டில் ‘குடும்பத்தோடு உணவருந்தும் நாள்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. பணியிடத்திலிருந்து நேரத்தோடு வீடு திரும்பி, பிள்ளைகளுடன் இரவு உணவு உண்ணுமாறு பெற்றோரை அது ஊக்குவித்தது.

பின்னர் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட்-19 கிருமிப் பரவலை முறியடிக்கும் நடவடிக்கைகள் நடப்பிலிருந்தபோது, உணவகங்களில் அமர்ந்து உண்ண இயலவில்லை. ஆலயக் கதவுகளும் பக்தர்களுக்கு மூடப்பட்டிருந்தன. அந்நாட்களில் ஓவனைத் துடைத்தெடுத்துப் புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் பலர். அவ்வாண்டுத் தீபாவளிக்கு ஒரு வீட்டுக்கு ஐந்து விருந்தினருக்கு மேல் செல்லவியலாத நிலையில், வர இயலாத உறவினருக்கு வீட்டுப் பலகாரமே தூது சென்றது. வீட்டுக்கு வீடு அடுப்பே கோயிலின் மடைப்பள்ளியாக விளங்கிய காலம் அது.

யார் கற்றுக்கொள்வது?

பல இல்லங்களில் கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்கின்றனர். அடுப்படி பணிப்பெண்ணின் பொறுப்பில் இருக்கின்றது. பாட்டி அருகில் நின்று பதம் சொல்லிக் கொடுப்பதும் அவருக்கே. அவர் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது அந்தப் பக்குவமும் உடன் சென்றுவிடுகின்றது. இதில் அவர்மீது பிழையேதும் இல்லை. பேரப்பிள்ளைகள் அவ்வேளையில் அடுப்படிக்கு வராததே குறை. சமையலைப் பெண்களின் கடமையென்று ஒதுக்கிவிடுவதும் இனிப் பொருந்தாது. கோயில் அன்னதானத்தில் பெரிய அண்டாக்களின் முன் நின்று கிளறும் ஆண்கள், வீட்டில் முறுக்கு பிழியத் தயங்குவானேன்?

செய்ய வேண்டியது எளியது. தீபாவளிக்கு இரு வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குவோம். பாட்டி ‘ஒரு கை’ என்று மாவை அள்ளும்போது, அதனைத் தராசில் இட்டு எத்தனை கிராம் என்று பேரன் எழுதிக்கொள்ளட்டும். ‘பதம் வந்துவிட்டது’ என்று அவர் சொல்லும் கணத்தில் பாகு எவ்வாறு இருக்கிறது என்பதைப் பேத்தி கைத்தொலைபேசியில் படமெடுக்கட்டும். தந்தை எண்ணெய்ச் சட்டியைக் கவனிக்கட்டும். முதல் ஆண்டு அதிரசம் உடையலாம். இரண்டாம் ஆண்டு கடினமாகலாம். கேலி செய்யாமல் அனைவரும் அமர்ந்து அதனையே உண்பது நல்லது.

படையலில் வைக்கும் அதிரசம் யாருக்குப் பிடிக்கும் என்பதைக் குடும்பம் இன்றும் மறக்கவில்லை. அதனை எப்படிச் செய்வது என்பதையும் மறவாதிருந்தால், தாத்தாவின் படத்துக்கு முன் விரிக்கும் இலை, அவர் அறிந்த அதே சுவையோடு ஆண்டுதோறும் நிறையும்.