ஊசிக்கு முந்தைய அரை மணி நேரம்

உறை ஊற்றிய பால் சில நாள் தோயாமலே கிடக்கும். மோர் சரியில்லை என்போம். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலாக இருந்தால், காரணம் அந்த மருந்தாகவும் இருக்கலாம். பாலில் இறங்கிய ஆன்டிபயாடிக் தயிராக்கும் பாக்டீரியாவையும் விடாது. காய்ச்சினாலும் முழுக்கப் போகாது.

பாறசாலையில் கேரளப் பால்வளத் துறையின் சோதனைச் சாவடி உண்டு. தமிழ்நாட்டிலிருந்து களியக்காவிளை தாண்டி வரும் பாலுக்கு ஓணச் சமயத்தில் கெடுபிடி அதிகம். நல்லதுதான். ஆனால் மருந்தைக் குறைக்க வேண்டிய இடம் சாவடி அல்ல. நெய்யாற்றின்கரைப் பக்கம் இரண்டு மூன்று மாடு கட்டியிருப்பவர்களின் தொழுவம்.

கறந்ததும் காம்பின் துளை மூடிக்கொள்ளாது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் மாடு சாணியில் படுத்தால் கிருமிக்கு வழி திறந்தே இருக்கிறது. தீவனத்தைக் கறந்த பிறகு வைத்தால், தின்று முடிக்கும்வரை மாடு நிற்கும். காசு செலவில்லாத வைத்தியம் இது. காம்பை அயோடின் கரைசலில் முக்குவதற்கும் பெரிய செலவில்லை. கட்டைவிரலை மடக்கி இழுத்துக் கறப்பது காம்பைப் புண்ணாக்கும். முழுக் கையால் கறக்க வேண்டும்.

வீங்காத மடியிலும் நோய் ஒளிந்திருக்கும். 1957-இல் வந்த கலிபோர்னியா சோதனைக்கு நான்கு குழியுள்ள தட்டும் ஒரு கரைசலும் போதும். ஒவ்வொரு காம்புப் பாலையும் தனித்தனியாகப் பீச்சி, கரைசல் விட்டுச் சுழற்றினால், நோயுள்ள பால் முட்டை வெள்ளைக்கருபோல் கொழகொழக்கும். எந்தக் காம்பு என்று அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து மருந்து. தஞ்சாவூர்க் கால்நடைப் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தியின் மூலிகைக் கலவையைத் தேசியப் பால்வள வாரியமும் பரப்பிவருகிறது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்தால் செந்நிற விழுது. மடியைக் கழுவி, பாலை முழுக்கக் கறந்துவிட்டு, நீரில் கரைத்துப் பகலெல்லாம் பலமுறை பூச வேண்டும். தொடக்க நிலைக்கு இதை முயல்வதில் தவறில்லை என்பதே என் கட்சி. காய்ச்சல் கண்டு மாடு தீனி எடுக்காவிட்டால் விழுதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அவர் சொன்ன ஊசியைப் பாதியில் நிறுத்தவும் கூடாது. அரைகுறை மருந்து கிருமியை மருந்துக்குப் பழக்கிவிடலாம்.

ஐரோப்பிய ஒன்றியம், பால் வற்றவிடும்போது எல்லா மாட்டுக்கும் ஆன்டிபயாடிக் ஏற்றும் வழக்கத்துக்கு 2022 ஜனவரியில் முற்றுப்புள்ளி வைத்தது. இந்தியாவில் 2012 முதல் உள்ள விதி: எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று மருந்தின் லேபிளில் இருக்க வேண்டும், அந்த நாள் கணக்கு உறுதிசெய்யப்படாத மருந்தென்றால் குறைந்தது 7 நாள். அந்த நாட்களின் பாலைச் சங்கத்தில் ஊற்றாதீர்கள், கன்றுக்கும் கொடுக்காதீர்கள்.