பெட்டைக் குதிரைக்கு எதுக்குத் தனி ரேஸ்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியது.)

போன மாசம் எங்க சொந்த ஊரான கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணைக் கூட்டிக்கிட்டு கல்வராயன் மலைக்குக் கிளம்பினேன். வழியில ஒரு ஐயனார் கோயில், வாசல்ல ரெண்டு பெரிய குதிரை. நிமிர்ந்து பார்த்துட்டு, "சித்தி, இது ஆணா பெண்ணா?"ன்னு கேட்டா. இத்தனை வருஷமா கும்பிடுறேன், எனக்கு அந்தக் கேள்வி வந்ததே இல்லை.

அவளுக்கு வந்ததுக்குக் காரணம் உமாமுசுமே. ஜப்பானோட நிஜப் பந்தயக் குதிரைகளைப் பெண்களா மாத்தின கேம் அது. உடனே அடுத்த கேள்வி: "அதுல ஓக்ஸ்னு ஒரு ரேஸ், பொண்ணுக் குதிரைங்க மட்டும்தான் ஓடணும். ஏன், ஆண் குதிரையோட ஓடினா தோத்துடுமா?"

அவ ஸ்கூல்ல 800 மீட்டர் ஓடுறவ. கேள்வி குதிரையைப் பத்தி மட்டும் இல்லைன்னு எனக்குப் புரிஞ்சுது.

முதல்ல ஒரு வார்த்தை. 'பெட்டை' கேலிச் சொல் இல்லை; குதிரையில பெண்ணுக்கு அந்தப் பெயரைத் தொல்காப்பியத்தின் மரபியலே சொல்லுது.

இப்போ ரேஸ். ஜப்பான் ஓக்ஸோட பெயர் யூஷுன் ஹிம்பா. 1938-ல் தொடங்கினது. இப்போ மே மாசம் டோக்கியோவில், புல் தரையில 2,400 மீட்டர். மூணு வயசுப் பெட்டைகளுக்கு மட்டும். அதனால ஒரு குதிரைக்கு வாழ்க்கையில ஒரே ஒரு வாய்ப்புதான். ஏப்ரல்ல 1,600 மீட்டர் ஓகா ஷோ ஓடின குதிரைகள், அடுத்த மாசமே இன்னும் 800 மீட்டர் கூடுதலா ஓடணும். யார் தாக்குப்பிடிப்பாங்கன்னு அன்னிக்குத்தான் தெரியும்.

சரி, எதுக்குத் தனியா? இதுக்கு முன்மாதிரியான இங்கிலாந்தின் ஓக்ஸ் தொடங்கினது 1779-ல். டெர்பியைவிட ஒரு வருஷம் மூத்தது! இந்த ரேஸ்களுக்குப் பின்னால இருக்கிறது இனவிருத்திக் கணக்கு. ஒரு பொலிகுதிரை ஒரே சீசன்ல நூறு பெட்டைகளுக்கு மேல சேரலாம். பெட்டைக்கோ பதினொரு மாசம் சினை, வருஷத்துக்கு ஒரு குட்டி. ஆக, எந்தப் பெட்டை தாயாகணும்னு தேர்ந்தெடுக்கறது பெரிய முடிவு. ஓக்ஸ் அதுக்கான பரீட்சை.

அப்போ ஆண் குதிரையோட ஓட முடியாதா? ஓடலாம். ஜப்பான் டெர்பியில பெட்டைக்கும் இடம் உண்டு. ஆண் குதிரை 57 கிலோ சுமந்தா பெட்டைக்கு 55. 1943-ல் குரிஃபுஜிங்கற பெட்டை அந்த டெர்பியையும் ஜெயிச்சுது, ஓக்ஸையும் ஜெயிச்சுது. மொத்தம் 11 ரேஸ், 11 வெற்றி.

அதே 1943-ல் நம்ம நாட்டுல என்ன நடந்தது தெரியுமா? பம்பாயில முதல் இந்தியன் டெர்பி. ஜெயிச்சது பிரின்சஸ் பியூட்டிஃபுல், பரோடா மகாராஜாவோட பெட்டைக் குதிரை!

ஜப்பான்ல அடுத்த பெட்டை டெர்பி ஜெயிக்க 64 வருஷம் ஆச்சு. 2007, பெயர் ஓட்கா. ஓகா ஷோவில ரெண்டாவது வந்த குதிரை. எல்லாரும் போற வழியில ஓக்ஸுக்குப் போகாம, டெர்பியில இறக்கினாங்க. மூணு குதிரை நீளத்துல ஜெயிச்சுது. அதோட அப்பா டானினோ கிம்லெட்டும் 2002-ல் அதே டெர்பியை ஜெயிச்சவர்தான்.

"ஓட்காவா? என் கேம்ல இருக்காளே!"ன்னு துள்ளினா. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுச் சொன்னா: "அப்போ தனி ரேஸ் இருக்கறது பிரச்சினை இல்ல சித்தி. இன்னொரு ரேஸுக்கு வராதேன்னு சொன்னாத்தான் பிரச்சினை."

நான் அரை மணி நேரம் பேசினதை ரெண்டு வரியில முடிச்சுட்டா.

அந்த டெர்பி வீடியோவை அப்பவே பார்க்கணும்னா. மலை ஏற ஏற டவர் போயிடுச்சு. சாயங்காலம் கீழே இறங்கினதும் முதல் வேலை அதுதான். கடைசி 200 மீட்டரை நாலு தடவை பார்த்தோம்.

ஐயனார் குதிரை ஆணா பெண்ணான்னு மட்டும் இன்னும் தெரியல. உங்க ஊர்ல தெரிஞ்சா சொல்லுங்க. அடுத்த எபிசோடில பார்ப்போம்!