நாலு மணிக்கு வரும் தண்ணீர்

அதிகாலை 4 மணி. சென்னை நகரம் அயர்ந்து தூங்குகிறது.

வடசென்னையில் ஒரு சந்தில் மட்டும் "கிறீச்... கிறீச்..." என்று ஒரு சத்தம். திருடன் கதவைத் திறக்கவில்லை. அது அடிபம்பு சத்தம்!

ஒண்டுக்குடித்தன வீடு அது. குடித்தனங்கள் 6. முற்றத்தில் பம்பு ஒன்றுதான். யார் முதலில் எழுந்திருக்கிறார்களோ, அவர்களுக்கு முதல் குடம். அந்த வீட்டில் யாரும் அலாரம் வைப்பது இல்லை. முதல் பம்பு சத்தம்தான் மற்ற 5 குடித்தனத்துக்கும் அலாரம்.

"இன்னாக்கா, வந்துச்சா?" என்று தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் கேட்கிறது.

"காத்துதான் வருது. இரு."

மாடிக் குடித்தனக்காரி அடிக்கிறாள். இருபது தடவை, முப்பது தடவை. குழாய் பெருமூச்சு விடுகிறது. பிறகு கலங்கலாகக் கொஞ்சம் வருகிறது. அதை ஒரு வாளியில் பிடித்து ஒதுக்கி வைக்கிறாள். பாத்திரம் தேய்க்க ஆகும். தெளிந்த தண்ணீர் வந்ததும் குடத்தை இழுத்து வைக்கிறாள்.

ஒரு குடத்தில் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். அதாவது 15 கிலோ எடை. குடிக்கவும் சமைக்கவும் 8 குடம் என்று வைத்துக்கொண்டால் 120 கிலோ! மூட்டை தூக்குகிறவருக்காவது மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி உண்டு.

அவள் வீட்டு மாடிக்கு 18 படி. புருஷன் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறவர். "நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை 18 படி ஏறிட்டு வந்து ஊருக்கெல்லாம் சொல்றீங்க. நான் தினம் 8 தடவை ஏறுறேன்" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி

குழாயில் தண்ணீர் வராத தெருக்களுக்கு லாரி வருகிறது. லாரி வரும் நேரம் டிரைவருக்கே சரியாகத் தெரியாது. அதற்காக வேலையை விட்டுவிட்டு மணிக்கணக்கில் வெயிலில் நிற்க முடியுமா? ஜனங்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆளுக்குப் பதில் குடம் நிற்கும்!

ரோஜா நிறம், பச்சை, நீலம், மஞ்சள் என்று பிளாஸ்டிக் குடங்கள் தெருவோரம் வரிசையாக நிற்கும். ஒன்றில் பெயிண்டால் எழுத்து. இன்னொன்றின் கழுத்தில் பழைய ரிப்பன். அடையாளத்துக்குத்தான். வரிசையில் இருக்கும் குடத்தை நகர்த்துவது பெரிய குற்றம். அதற்குப் போலீஸ் வேண்டாம், கோர்ட்டு வேண்டாம். தெருவே தீர்ப்பு சொல்லிவிடும்.

சண்டையும் வரும். "உன் கொடத்தை அப்பால வை" என்று ஆரம்பித்து, ஏழு தலைமுறைக்கும் போய்விட்டு வரும். ஆனால், நேற்று திட்டியவளுக்கு இன்று காய்ச்சல் என்றால், திட்டு வாங்கியவள்தான் அவள் குடத்தையும் நிரப்பி வாசலில் வைத்துவிட்டுப் போவாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அது வேறு விஷயம்!

வீடு பார்க்கப் போனால்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் ஒரு காலத்தில் காற்று வருமா, வெளிச்சம் உண்டா என்று கேட்டார்கள். சென்னையில் முதல் கேள்வி, "தண்ணி எப்படிங்க?"

வீட்டுக்காரர் சொல்லும் பதிலைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். "தண்ணிக்குப் பஞ்சமே இல்லை" என்றால், உப்புத் தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை என்று அர்த்தம். அதில் குளிக்கலாம், துணி துவைக்கலாம். பருப்பு வேகாது. நல்ல தண்ணீருக்குக் குழாயோ, லாரியோ, 20 லிட்டர் கேனோதான் வழி.

ஏழு கிணறு முதல் வீராணம் வரை

கடல் பக்கத்தில் இருக்கிறது. மழையும் பெய்கிறது. இருந்தும் சென்னையின் தாகம் மிகப் பழையது.

கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்களின் குடிதண்ணீருக்காக 1772-ல் கிணறுகள் தோண்டினார்கள். அந்த இடத்துக்கு இன்றைக்கும் ஏழு கிணறு என்றுதான் பெயர். 100 வருஷம் கழித்து, 1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. அதைச் சுத்தம் செய்து கொடுக்கும் நிலையம் கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் ஏற்பட்டது.

அதுவும் போதவில்லை. சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தி, பூண்டியில் ஏரி கட்டப் பாடுபட்டார். 1944-ல் ஏரி கட்டி முடிந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1943-லேயே காலமாகிவிட்டார். ஏரிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

பிறகு ஆந்திராவில் இருந்து கிருஷ்ணா நீர் 1996-ல் பூண்டிக்கு வந்தது. 2004-ல் வீராணம் ஏரித் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடி வந்தது. "பொன்னியின் செல்வன்" படித்தவர்களுக்கு இந்த ஏரியைத் தெரியும். கதையின் தொடக்கத்தில் வந்தியத்தேவன் குதிரை ஏறி வருவது இதன் கரையில்தான். சோழர் காலத்து ஏரித் தண்ணீரில் சென்னையில் காபி போடுகிறார்கள்! கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்களும் 2010-ல் மீஞ்சூரிலும், 2013-ல் நெம்மேலியிலும் வந்தன.

ரெயிலில் வந்த தண்ணீர்

இத்தனை இருந்தும் 2019-ல் என்ன ஆயிற்று? முந்தைய வருஷம் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. நான்கே வருஷத்துக்கு முன்பு, 2015 டிசம்பரில், இதே நகரம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது!

ஓட்டல்கள் சாப்பாட்டைக் குறைத்தன. கம்ப்யூட்டர் கம்பெனிகள் சில, வீட்டிலேயே இருந்து வேலை செய்யுங்கள் என்று ஊழியர்களிடம் சொல்லிவிட்டன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரெயில் வந்தது. வில்லிவாக்கத்தில் அதற்குப் பூப்போட்டு வரவேற்பு!

ஆனால், மாடிக் குடித்தனக்காரியிடம் 2019 பற்றிக் கேட்டால் ரெயிலைப் பற்றிப் பேச மாட்டாள். ஒரு சின்னக் குடத்தைப் பற்றித்தான் பேசுவாள்.

அப்போது பம்பில் காற்றுகூட வரவில்லை. லாரிதான் கதி. லாரி காலை 9 மணிக்கும் வரும், பகல் 1 மணிக்கும் வரும். அவள் நாலு வீட்டில் வேலை செய்கிறவள். ஒரு நாள் போகாவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள். இரண்டு நாள் போகாவிட்டால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். என்ன செய்வாள்? நாலாம் வகுப்புப் படித்த மகளைக் குடத்துக்குக் காவல் வைத்தாள். அந்தக் குழந்தையால் தூக்க முடிகிற மாதிரி ஒரு சின்னக் குடமும் வாங்கிக் கொடுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள். "உடம்பு சரியில்லை" என்று சொல்லிச் சமாளித்தாள். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மழை வந்தது. குழாயிலும் தண்ணீர் வந்தது. அன்றைக்கே சின்னக் குடம் பரணுக்குப் போய்விட்டது. மகள் இனிமேல் குடம் தொடக்கூடாது என்று அம்மா உத்தரவு.

எத்தனையோ கிலோமீட்டர் தூரத்தில் இருந்து தண்ணீரைக் கொண்டுவர அணை இருக்கிறது, கால்வாய் இருக்கிறது, ராட்சதக் குழாய் இருக்கிறது. எவ்வளவு லிட்டர் வந்தது என்று தினமும் கணக்கு எழுதுகிறார்கள். முற்றத்தில் இருந்து மாடி வரைக்கும் உள்ள 18 படிக்கு மட்டும் கணக்கு கிடையாது. அது அவள் இடுப்பில்தான் போகிறது. இப்போது இடுப்பில் வலியும் இருக்கிறது. தர்மாஸ்பத்திரியில், "கனம் தூக்கக்கூடாது" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையைக் குடத்துத் தண்ணீரில்தான் விழுங்கினாள்.

மகளுக்கு இது பத்தாம் வகுப்பு. அவளும் 4 மணிக்கு எழுந்துவிடுகிறாள், படிக்க. பம்பு சத்தத்தில் மனப்பாடம் செய்து பழகிவிட்டது.

மணி 5 ஆகிறது. ஐந்தாவது குடத்தோடு அம்மா பத்தாவது படியில் நின்றுவிடுகிறாள். மூச்சு வாங்குகிறது. மகள் புத்தகத்தை மூடிவிட்டு இறங்கி வருகிறாள்.

"எதுக்குடி வந்தே? மேலே போய்ப் படி."

மகள் பதில் சொல்லவில்லை. குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறாள். அம்மா விடவில்லை. மகளும் விடவில்லை.

கீழே இருந்து அடுத்த குடித்தனக்காரி சத்தம் போடுகிறாள்:

"சீக்கிரம் வாக்கா! தண்ணி சன்னமாயிடுச்சு!"