பரீட்சைக்கு முன்னே வரும் விண்ணப்பம்

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எழுதியவருக்கும் சென்னையில் பிளஸ் டூ எழுதியவருக்கும் ஒரே வரிசைதான் பழக்கம். முதலில் பரீட்சை, பிறகு பெறுபேறு, அதன்பிறகே விண்ணப்பம். இசட் புள்ளி தெரிந்த பிறகுதான் இலங்கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் புரட்டுவோம். சிட்னியிலும் மெல்பேர்னிலும் இந்த வரிசை தலைகீழ். நியூ சவுத் வேல்ஸில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் விண்ணப்பிக்கும் யூ.ஏ.சி. மையம் ஏப்ரலிலேயே கதவைத் திறந்துவிடுகிறது. விக்டோரியாவின் அதேபோன்ற மையமான வீடாக் ஜூலை கடைசி, ஓகஸ்ட் தொடக்கம் வாக்கில் திறக்கிறது. குறைந்த கட்டணத்தில் விண்ணப்பிப்பதற்கான கெடு இரண்டிலும் செப்டெம்பர் கடைசியை ஒட்டி வரும். நியூ சவுத் வேல்ஸின் எச்.எஸ்.சி. எழுத்துப் பரீட்சை ஒக்டோபரில் தொடங்குகிறது. விக்டோரியாவின் வி.சி.இ. எழுத்துப் பரீட்சைகளின் பெரும்பகுதி ஒக்டோபர் கடைசியில் ஆரம்பித்து நவம்பர்வரை போகிறது. தரவரிசையான ஏடார் வெளிவருவதோ டிசெம்பர் நடுப்பகுதியில்.

இது தெரியாமல் பல வீடுகளில், “முதல்ல படி, ஃபோமை ரிசல்ட் வந்தாப்போல பாப்பம்” என்று பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் ரிசல்ட் வரும்போது கட்டணம் ஏறியிருக்கும், உதவித்தொகை விண்ணப்பங்கள் பல மூடியிருக்கும், சலுகைக்கான கடிதத்தை எழுதித்தர வேண்டிய ஆசிரியர் விடுமுறையில் இருப்பார்.

பளு எல்லாம் செப்டெம்பரில் ஏன் குவிகிறது? முன்னோடிப் பரீட்சைகளின் பெறுபேறு கைக்கு வருவது அப்போதுதான். ஓவியம், நாடகம் போன்ற பாடங்களின் பெரிய படைப்புகளை ஒப்படைத்த களைப்பும் தீர்ந்திருக்காது. அந்த மாத இறுதியில் மூன்றாம் தவணை முடிந்து இரண்டு வார விடுமுறை தொடங்கும். பாடசாலையின் தொழில்வழிகாட்டி ஆசிரியர் அந்த இரண்டு வாரமும் கிடைக்கமாட்டார். விண்ணப்பத்தின் பல பகுதிகள் பாடசாலை நிரப்பித்தர வேண்டியவை. ஆகவே நடைமுறையில் உங்கள் கெடு செப்டெம்பர் 30 அல்ல. தவணை முடிவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே அது வந்துவிடுகிறது.

என்னைக் கேட்டால், படிப்பு பிள்ளையின் வேலை, தாள்வேலை வீட்டின் வேலை. ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் உட்கார்ந்தால் பாதி முடிந்துவிடும். மாணவர் அடையாள எண், வரிக் கோப்பு எண், கடவுச்சீட்டு, குடியுரிமைச் சான்றிதழ் அல்லது விசாக் கடிதம் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். அடையாள எண் இல்லாமல் அரசு மானிய இடமும் இல்லை, படிப்புக் கடனும் இல்லை; வரிக் கோப்பு எண் இல்லாமல் கட்டணத்தைக் கடனாகப் பிற்போட முடியாது. ஆனால் எந்தப் படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம் என்ற பட்டியலைப் பிள்ளையின் கடவுச்சொல்லை வாங்கி நீங்களே மாற்றாதீர்கள். விண்ணப்பம் பிள்ளையின் பெயரில் இருக்கிறது. உங்களோடு பேச யூ.ஏ.சி.க்கு அனுமதி வேண்டுமென்றால் அதைப் பிள்ளையே பதிவுசெய்துகொடுக்கலாம்.

விருப்பப் பட்டியலைப் பற்றிய கட்டுக்கதைகளும் நம்மிடையே ஏராளம். யூ.ஏ.சி.யில் ஐந்து படிப்புகளும் வீடாக்கில் எட்டும் இடலாம். கிடைக்காத படிப்பை முதலிடத்தில் போட்டால் இரண்டாவதும் கைநழுவும் என்று பயப்படுகிறவர்கள் வென்ற்வேர்த்வில்லிலும் டாண்டினோங்கிலும் எத்தனையோ பேர். அப்படி எதுவும் நடப்பதில்லை. தகுதியுள்ள விருப்பங்களுள் மேலே இருப்பதுதான் வந்து சேரும். ஆகவே பிள்ளை உண்மையில் விரும்புவதை மேலேயும் நிச்சயமாகக் கிடைப்பதை அடியிலும் வைத்தால் போதும். ஏடார் என்பது மதிப்பெண் அல்ல, சகவயதினரிடையே பிள்ளை நிற்கும் இடம். உச்சம் 99.95. 80 என்று வந்தால் நூற்றுக்கு எண்பது வாங்கியதாக எண்ணி முகம் சுளிக்கிறோம். சராசரியே 70ஐ ஒட்டித்தான் இருக்கும்.

மருத்துவம் கேட்கும் வீடுகளுக்கு நாட்காட்டியே வேறு. யூகேட் தேர்வுக்கான பதிவு வழக்கமாக மே மாதத்தில் மூடுகிறது, தேர்வு ஜூலை–ஓகஸ்டில். ஆண்டுக்கு ஒருமுறைதான் எழுதலாம், அந்தப் புள்ளி அடுத்த ஆண்டு நுழைவுக்கு மட்டுமே செல்லும். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் யூ.ஏ.சி. விண்ணப்பத்தோடு தனக்கென்று இன்னொரு மருத்துவ விண்ணப்பத்தையும் கேட்கும். மோனாஷுக்கு யூகேட் வேண்டும். மெல்பேர்ன் பல்கலைக்கழகத்திலோ மருத்துவமே பட்டத்துக்குப் பின்தான். இவ்வளவையும் பிள்ளையின் விருப்பமில்லாமல், ‘எதற்கும் எழுதிப் பார்க்கட்டும்’ என்று தலையில் ஏற்றுவது பாவம். பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் இன்னொரு பாடத்தைச் சேர்ப்பதற்கு அது சமம்.

சுமையைக் குறைக்க மெல்பேர்ன் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வழி உண்டு. வி.சி.இ. தமிழை விக்டோரிய மொழிப் பாடசாலை ஊடாகப் பதினோராம் வகுப்பிலேயே முடித்துவிடலாம். மொழிப் பாடங்களின் சராசரி அளவீட்டில் 5 புள்ளி உயர்த்தப்படுகிறது என்பதும் ஏடாருக்கு ஐந்தாம், ஆறாம் பாடங்களின் பத்திலொரு பங்கு சேர்கிறது என்பதும் கூடுதல் இலாபம். சிட்னியில் இப்படியான மொழி ஊக்கம் கிடையாது. அங்கே ஆங்கிலத்தின் இரண்டு அலகுகள் உட்படச் சிறந்த பத்து அலகுகளே கணக்கு. அங்கே எச்.எஸ்.சி. தமிழை எடுப்பவர் தமிழுக்காகவே எடுக்கிறார். மகிழ்ச்சிதான், ஆனால் புள்ளிக் கணக்குக்காக அதைத் திணிக்க வேண்டாம்.

இனி, நம் சமூகத்தில் அதிக வீடுகளைத் தடுமாற வைக்கும் விஷயம். எவ்வளவு கட்டவேண்டும் என்பதை முடிவுசெய்வது ஏடார் அல்ல, விசா.

குடிமக்களுக்கு அரசு மானிய இடமும் உண்டு, கட்டணத்தை ஹெக்ஸ் கடனாகப் பிற்போடும் உரிமையும் உண்டு. சாதாரண நிரந்தர வதிவிட விசா வைத்திருப்பவருக்கு மானிய இடம் கிடைக்கும், கடன் கிடைக்காது. ஒவ்வொரு பருவத்தின் கட்டணத்தையும் ‘சென்சஸ் திகதி’ எனப்படும் நாளுக்குள் கையிலிருந்து கட்டவேண்டும். மனிதாபிமான அடிப்படையில் நிரந்தர விசா பெற்றவர்களுக்குக் கடன் உண்டு. 482, 491 போன்ற தற்காலிக விசாக்களில் உள்ள குடும்பத்தின் பிள்ளை, அவுஸ்திரேலியாவில் பாலர் வகுப்பிலிருந்து படித்திருந்தாலும், பல்கலைக்கழகத்தில் சர்வதேச மாணவராகவே கணிக்கப்படும்.

பெற்றோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது 15 வயதுவரையான பிள்ளைகளை அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். 16 ஆகிவிட்டால் பிள்ளை தனியாக விண்ணப்பிக்கவேண்டும். இதைக் கவனிக்காமல், ‘எங்களுக்குக் கிடைத்துவிட்டது, பிள்ளைக்கும் வந்திருக்கும்’ என்று இருந்து, முதல் பருவக் கட்டண விபரம் கையில் வந்தபின் ஓடித்திரியும் குடும்பங்கள் உண்டு. 16 வயதுக்கு மேற்பட்டவர் உறுதிமொழி எடுத்தால்தான் குடியுரிமை. அந்த விழாவுக்கான வரிசை மாதக்கணக்கில் நீளலாம். சென்சஸ் திகதிக்கு முன் உறுதிமொழி முடிந்தால் அந்தப் பருவத்துக்கே கடன் கேட்கலாம், ஒரு நாள் பிந்தினால் அந்தப் பருவம் உங்கள் பணம்.

2012, 2013இல் படகில் வந்த ஈழத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது இந்த வயதை எட்டியிருக்கிறார்கள். தற்காலிகப் பாதுகாப்பு விசாவும் அதுபோன்ற ஷெவ் விசாவும் வைத்திருந்தோருக்கு 2023 பெப்ரவரியில் நிரந்தர விசாவுக்கான வழி திறந்தது. மறுக்கப்பட்டு இணைப்பு விசாவில் இருப்போருக்கு அது எட்டவில்லை. அவர்களின் பிள்ளைக்கு மானிய இடமும் இல்லை, கடனும் இல்லை. சில இணைப்பு விசாக்களில் படிக்கக்கூடாது என்ற நிபந்தனையே இருக்கும். உள்துறைத் திணைக்களத்தின் வீவோ தளத்தில் விசா நிபந்தனைகளை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கதவு முற்றாக மூடவில்லை. மோனாஷ், டீக்கின், வெஸ்டர்ன் சிட்னி போன்ற பல்கலைக்கழகங்கள் தஞ்சம் கோருவோருக்கென்றே உதவித்தொகை வழங்கிவந்துள்ளன. அவற்றின் கெடு தனி. விசா ஆலோசனையைத் தெரிந்தவரின் தெரிந்தவரிடம் கேட்காமல், சிட்னியில் ரேக்ஸ் எனப்படும் அகதிகள் ஆலோசனைச் சேவையிடமும் மெல்பேர்னில் ரெஃப்யூஜி லீகல் அமைப்பிடமும் கேளுங்கள். இரண்டும் இலவசம்.

சலுகைகளைக் கேட்பதில் நமக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. நோய், பணமுடை, வீட்டுப் பொறுப்பு, குலைந்த பள்ளிக்காலம் இவையெல்லாம் நெடுங்காலச் சிரமங்கள். இவற்றுக்கு நியூ சவுத் வேல்ஸில் இ.ஏ.எஸ். திட்டமும் விக்டோரியாவில் சீயஸ் திட்டமும் உண்டு. ஏற்றுக்கொண்டால் பல்கலைக்கழகம் தெரிவுத் தரத்தைச் சற்று உயர்த்தும். பிச்சையல்ல, முறையான ஏற்பாடு. விண்ணப்பித்ததற்காகப் பிள்ளைக்குக் குறை எதுவும் வராது. பரீட்சை நாட்களில் நடப்பது வேறு கணக்கு: காய்ச்சல், விபத்து, ஊரில் அம்மம்மா இறந்த செய்தி. எச்.எஸ்.சி.யில் நோய்–இடையூறு விண்ணப்பமும் வி.சி.இ.யில் டி.இ.எஸ். என்ற மாற்றுப் புள்ளி ஏற்பாடும் இதற்காகவே. மரணச் செய்தியை மறைத்து பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதைவிட, முடிந்தால் பரீட்சை எழுதவைத்து, அன்றே பாடசாலைக்குச் சொல்லி விண்ணப்பிப்பது மேல். நாள் கடந்தால் ஏற்கமாட்டார்கள்.

டிசெம்பரில் ஊருக்குப் போகிறீர்களா? ஏடார் வந்தபின் விருப்பங்களை மாற்றச் சில நாட்களே தருவார்கள்; கிறிஸ்துமஸுக்கு முன் பெரிய சுற்று முடிந்துவிடும். 2024இல் வி.சி.இ. பெறுபேறு டிசெம்பர் 12இலும் எச்.எஸ்.சி. ஏடார் 18இலும் வந்தன. கணக்கில் நுழைவதற்கான குறியீட்டு எண் அவுஸ்திரேலிய சிம்முக்கு வரக்கூடும். அதை வீட்டில் விட்டுவிட்டு கொழும்பில் நின்று திண்டாடாதீர்கள்.

நினைத்தது கிடைக்காவிட்டாலும் ஆண்டு வீணாகாது. ஜனவரி, பெப்ரவரிச் சுற்றுகள் உண்டு. டேஃப், பல்கலைக்கழகங்களோடு இணைந்த டிப்ளோமாக் கல்லூரிகள் ஊடாக இரண்டாம் ஆண்டில் நுழையலாம். அங்கே கட்டணமும் கடன் விதியும் வேறு என்பதை மட்டும் முதலில் விசாரியுங்கள். சேர்ந்த படிப்பு பிடிக்கவில்லையென்றால் சென்சஸ் திகதிக்கு முன் விலகினால் கடன் ஏறாது. பல்கலைக்கழகம் அநியாயம் செய்ததாக எண்ணினால், 2025 பெப்ரவரி 1 முதல் இயங்கும் தேசிய மாணவர் குறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கெடுத் திகதிகள் ஆண்டுதோறும் சற்று நகர்வதால் யூ.ஏ.சி., வீடாக் தளங்களிலேயே சரிபாருங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் 131 450ஐ அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளை நித்திரையின்றி, பேச்சுக் குறைந்து திரிந்தால் 1800 55 1800 என்ற கிட்ஸ் ஹெல்ப்லைன் எண்ணைக் கொடுங்கள். 25 வயதுவரை யாரும் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். உங்கள் வீட்டில் பதினோராம் வகுப்புப் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் விசாவையும் குடியுரிமை நிலையையும் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.